பொன்னி மேல் இறங்கிய அம்மன்

வேங்கிக்கால் ஏரிக்குப் பின்னால், கலெக்டர் ஆபீஸ் ஊழியர்கள் வீடு கட்டிக் குடியேறிய புது நகர்களுக்கு நடுவே, பழைய தெரு ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது. அங்கே போய்ப் பொன்னி வீடு எது என்று கேட்டால், "அம்மன் வருமே, அந்தப் பொன்னிதானே?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். வருஷத்தின் மற்ற நாட்களில் அவள் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை பெருக்கி, பெட்ஷீட் மாற்றி, பாத்ரூம் கழுவுகிறவள். நான் யார் என்று தன்னையே தேடிக்கொண்டு எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வருகிறவர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது துடைப்பச் சத்தம் கேட்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். பொன்னிக்குத் தன்னைத் தேடும் அவசியம் இருந்ததில்லை. தான் யார் என்பது அவளுக்குப் பதினேழு வயதிலேயே தெரிந்துவிட்டது. அதற்குத் தெருவே சாட்சி.

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமைதான் அவளுடைய நாள். அவள் அண்ணன் காசி இடுப்பில் பம்பையைக் கட்டிக்கொண்டு நிற்பான். இரட்டை மேளமான அந்தப் பம்பையை அவன் அடிக்க ஆரம்பித்தால் நிற்கிறவனுக்கும் கால் ஆடும் என்பார்கள். பொன்னி வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பிப்பாள். அடி வேகமாகும், ஆட்டமும் வேகமாகும். ஒரு கட்டத்தில் நெஞ்சை யாரோ கைக்குள் வைத்து இறுக்குவதுபோல் இருக்கும். அது அம்மன் கை என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. சில வருஷம் அப்படியே உட்கார்ந்துவிடுவாள், சில வருஷம் கட்டைபோல் சாய்ந்துவிடுவாள்.

மற்ற ஊர்களில் சாமி வந்தவர்கள் வாய்விட்டு அலறிக் குறி சொல்வார்கள். பொன்னி மேல் வருகிற அம்மன் மெதுவாகப் பேசுகிறவள். அதனால் காசி பம்பையை இறக்கி வைத்துவிட்டு மண்டியிட்டு, தங்கையின் வாயருகே காதை வைத்துக் கேட்பான். அந்த நேரத்தில் வேறு யாரும் அவளைத் தொடக் கூடாது. கேட்டு முடித்ததும் எழுந்து நின்று வாக்கைச் சொல்வான். இந்த வருஷம் ஏரி நிரம்பும், தெற்கு வீதியில் போர் போடாதே, அந்தப் பையனுக்கு இந்தப் பெண்ணையே பேசி முடி என்றெல்லாம் வரும். பலித்ததும் உண்டு, பலிக்காததும் உண்டு. பலிக்காததைத் தெரு மறந்துவிடும். பொன்னி கண் விழித்ததும் முதலில் கேட்பது, "அம்மன் என்ன சொன்னா?" என்பதுதான். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அண்ணன் சொல்லித்தான் அவளுக்கே தெரியும்.

முதன்முதலில் அது நடந்தது அவள் பிளஸ் டூ படித்தபோது. வெயிலில் பால்குடம் எடுத்துக்கொண்டு வேகவேகமாக வந்தவள் கோயில் வாசலில் குப்புற விழுந்தாள். பால் கொட்டிப்போனது, நெற்றி கிழிந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கூட்டி வந்தார்கள். பால்குடம் கவிழ்ந்தது அபசகுனம் என்று தெரு முணுமுணுத்துக்கொண்டிருந்தபோதுதான் காசி வந்து, விழுந்தது அவளில்லை, இறங்கியது அம்மன் என்று சொன்னான். அப்படியே எல்லார் முகமும் மாறியது. நேற்றுவரை, "ஏ பொண்ணு, நவுரு" என்றவர்கள் அவளைத் "தாயே" என்றார்கள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆடியில் அவளுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம், ஹாஸ்டல். தகரப் பெட்டியில் துணி மடித்து வைத்தாயிற்று. கூழ் ஊற்றுகிற நாளில் விழுந்து எழுந்தபோது, அம்மன் வாக்கு வேறாக இருந்தது. இவள் என் பிள்ளை, எல்லை தாண்டி அனுப்பாதே, உள்ளூரில் கட்டிக்கொடு என்று அவள் வாயாலேயே வந்ததாகக் காசி சொன்னான். பொன்னி இரண்டு நாள் அழுதாள். பிறகு பெட்டியைப் பிரித்துவிட்டாள். அப்பன் வேண்டாம் என்றால் சண்டை போட்டிருப்பாள். தன் வாயே வேண்டாம் என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அந்த வருஷமே பக்கத்துத் தெரு சுப்பிரமணிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சுப்பிரமணி ஆட்டோ ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன், அம்மன் வந்த பெண் தன் வீட்டுக்கு வந்ததில் பயம் கலந்த பெருமை உள்ளவன். ஒரே மகள் ஓவியா. பொன்னி நல்ல மனைவியாக, நல்ல தாயாக, யாருக்கும் கெடுதல் நினைக்காதவளாக வாழ்ந்தாள். ஒரு குறைதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி உலகமே வந்து மலையைச் சுற்றுகிறது, உள்ளூர்க்காரியான அவளால் ஒரு தடவைகூட முழுசாகச் சுற்ற முடிந்ததில்லை. கூட்டத்தோடு வேகமாக நடந்தால் வழியில் நாலாவதாக வரும் நிருதி லிங்கத்தை எட்டுவதற்குள் மூச்சு முட்டி, நெஞ்சு பிடித்து உட்கார்ந்துவிடுவாள். அதற்கும் காசி ஒரு காரணம் வைத்திருந்தான்.

"அம்மனுக்குப் பொறாம. மலையா நிக்கற ஐயன்கிட்ட உன்ன அவ வுட மாட்டா" என்பான்.

தெரு சிரிக்கும், பொன்னியும் சிரிப்பாள். அப்படி ஒரு பொறாமைக்கு ஆளாகியிருப்பதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

நாற்பதைத் தாண்டியதும் கெஸ்ட் ஹவுஸ் மாடிப்படியே மலையாகிவிட்டது. தண்ணீர் வாளியோடு ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். சுப்பிரமணி ஆட்டோவில் வைத்து டாக்டர் டாக்டராகக் கூட்டிப்போனான். ஒருவர் கேஸ் என்றார், ஒருவர் ரத்தம் கம்மி என்றார், ஒருவர் இந்த வயதில் பெண்களுக்கு இப்படித்தான், டென்ஷன் ஆகாதீங்க என்றார். படுக்க வைத்து ஈசிஜி எடுத்தால் எல்லாம் சரியாக வரும். வாத்தியார் முன்னால் கை கட்டி நிற்கிற பையன் மாதிரி, டாக்டர் முன்னால் அவள் நெஞ்சு அவ்வளவு ஒழுங்காக இருக்கும். கேஸ் மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள்.

போன ஆடியில் ஓவியா வீட்டில் இருந்தாள். அவள் சென்னையில் நர்சிங் மூன்றாம் வருஷம். பம்பை உச்சத்துக்குப் போனபோது பொன்னி விழுந்தாள். தெரு அடங்கியது. கற்பூரம் ஏற்றினார்கள். காசி மண்டியிட்டுக் காதை வைத்தான். வழக்கத்தைவிட நேரமானது. அம்மன் இன்னும் பேசவில்லையே என்று கூட்டம் பொறுமையாக நின்றுகொண்டிருந்தது. ஓவியா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவின் கழுத்தில் விரல் வைத்தாள்.

"தொடாத பாப்பா, அம்மன் இருக்கா" என்றாள் ஒரு கிழவி.

"நாடி இல்ல. மாமா, நவுருங்க."

காசி நகரவில்லை. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஓவியா அவனைத் தோளில் கை வைத்துத் தள்ளிவிட்டு, அம்மாவின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தாள். பெற்ற பெண்ணே அம்மன் நெஞ்சில் குத்துகிறாளே என்று பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் அவளை இழுக்க வந்தபோது, அதிகம் பேசாத சுப்பிரமணி குறுக்கே நின்றான். "எம் பொண்ணு மேல கைய வெச்சா நடக்கறதே வேற" என்றான். ஆம்புலன்ஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பொன்னிக்கு மூச்சு வந்தது. ஒரு விலா எலும்பு உடைந்திருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்ததும் வழக்கம்போல், "அம்மன் என்ன சொன்னா?" என்று கேட்டாள். எப்போதும் பதில் வைத்திருக்கிற காசி அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த ஆஸ்பத்திரியில் அறிவுச்செல்வன் என்று ஓர் இதய டாக்டர், வயது குறைவு, அவசரப்படாதவர். எப்போது வலிக்கிறது என்று அவர் விசாரித்த விதமே வேறாக இருந்தது. சாப்பிட்ட பிறகா, தூங்கும்போதா, நடக்கும்போதா, நின்றால் குறைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சும்மா இருக்கும்போது ஒரு தடவைகூட வந்ததில்லை என்று தெரிந்ததும் அதையே பிடித்துக்கொண்டார். ரத்தக் குழாயில் சாயம் செலுத்தி எடுக்கிற சிடி ஸ்கேனுக்கு வேலூர் அனுப்பினார். படம் வந்ததும் பொன்னி, சுப்பிரமணி, ஓவியா, காசி எல்லாரையும் உட்கார வைத்துக் கம்ப்யூட்டரில் காட்டினார்.

"அடைப்பெல்லாம் இல்லம்மா. பொறக்கும்போதே வழி மாறிப்போச்சு. இதயத்துக்கே ரத்தம் குடுக்கற குழாய் ஒண்ணு இடது பக்கத்துல கிளம்பணும். உங்களுக்கு அது வலது பக்கத்துல கிளம்பி, இந்த ரெண்டு பெரிய குழாய்க்கு நடுவுல நுழைஞ்சு வருது. சும்மா இருந்தா ஒண்ணும் தெரியாது. ஓடினா, ஆடினா, மாடி ஏறினா ரெண்டு பெரிய குழாயும் புடைக்கும். நடுவுல மாட்டினது நசுங்கும். அந்த நேரத்துல இதயத்துக்கு ரத்தம் கிடைக்காது."

"இது ஏன் சார் இத்தன நாளா தெரியல?" என்று சுப்பிரமணி கேட்டான்.

"ரொம்ப அபூர்வம்ங்க. படுக்க வெச்சு ஈசிஜி எடுத்தா தெரியாது, எக்கோலகூட கண்ணுக்குத் தப்பிடும். இது இருக்கறவங்கள்ல நிறைய பேர் சின்ன வயசுலயே ஓடும்போது விழுந்து எழுந்திருக்கவே மாட்டாங்க. இவங்க இந்த வயசு வரைக்கும் வந்ததே பெரிசு. ஆபரேஷன் பண்ணிக் குழாயைச் சரியான வழிக்குக் கொண்டு வரலாம். பண்ணிட்டா நல்லா இருப்பாங்க." பிறகு பொன்னியிடம் திரும்பினார். "முதல்ல எப்பம்மா மயக்கம் வந்துச்சு?"

"எனக்கு மயக்கம் வந்ததே இல்ல சார்" என்றாள் பொன்னி. பொய் சொல்கிற முகமே இல்லை அது.

ஓவியா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, சிரிக்காமல், காசியைப் பார்த்தார். "பதினேழு வயசுல விழுந்தாங்களே, அப்போ டாக்டர் யாராவது நெஞ்சைப் பார்த்தாங்களா?"

"இல்ல சார்" என்றான் காசி, கேள்வி முடிவதற்குள்.

பொன்னி ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டாள். அம்மன் வந்து உட்காருகிற நெஞ்சு, அதைக் கத்தி வைத்துப் பிளக்க விட முடியாது, அவ்வளவுதான். இன்னொரு தடவை அப்படி விழுந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். ஓவியா காலைப் பிடித்து அழுதாள். சுப்பிரமணி ஆட்டோ எடுக்காமல் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் அசையவில்லை. கெஸ்ட் ஹவுஸ் வேலையை மட்டும் நிறுத்திக்கொண்டு, பாயில் உட்கார்ந்தபடி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க சொன்னாதான் அம்மா கேக்கும்" என்று ஓவியா காசியிடம் போய் நின்றாள்.

காசி அவனுக்குத் தெரிந்த வழியில் முயன்றான். கோயிலில் பூ போட்டுப் பார்த்துவிட்டு வந்து, அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள், ஆபரேஷன் செய்துகொள் என்றான். பொன்னி கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட பேசணும்னா அவ பூவுல ஏன் பேசறா? என் வாயாலதான இத்தினி வருஷமா பேசினா. நீ ஒண்ணு பண்ணு. வெள்ளிக்கிழம பம்பைய எடுத்துனு வா. இங்கயே அடி. நான் எழுந்து ஆடறேன். அவ வந்து சரின்னு சொல்லட்டும், நீ காது குடுத்துக் கேளு. அப்பறம் எங்க கூப்டாலும் வரேன்."

ஒரு தங்கை அண்ணனிடம் கேட்கிற வரம் இது. அவன் அடித்தால் அவள் சாவாள். அடிக்க மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் அவன் கட்டிக் கட்டி வைத்த சுவர் அவன் மேலேயே சரிந்தது. அவனுக்காக நான் பரிதாபப்படப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தான். கையில் பம்பை இல்லை. பொன்னி தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சுப்பிரமணியும் ஓவியாவும் சுவரோரம் நின்றார்கள்.

"பம்ப எங்கண்ணா?"

காசி அவள் எதிரில் உட்கார்ந்தான். "உனக்கு அம்மன் வந்ததே இல்ல, பொன்னி."

அவள் சிரித்தாள். ஆபரேஷனுக்காகச் சொல்கிற தந்திரம் என்று நினைத்தாள். "பொய் சொல்லாதண்ணா, கோயில் பம்பைல கை வைக்கறவன் நீ."

"பொய்யெல்லாம் அப்பவே சொல்லி முடிச்சிட்டேன்." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "நெத்தில தையல் போட்டாரே ஒரு டாக்டரு, அவரு உன் நெஞ்சுல ஸ்டெத்த வெச்சு ரொம்ப நேரம் கேட்டாரு. ஏதோ படம் எடுத்தாரு. அப்பாவையும் என்னையும் வெளிய கூப்ட்டு, வேகமா வரும்போது வுழுந்தான்னா பொறவிலயே ஏதோ தப்பு இருக்கும்போல, மெட்ராஸ் கூட்டினு போய்ப் பாருங்க, ஓட வுடாதீங்க, இல்லனா ஒரு நாள் வுழுந்தவ வுழுந்தபடியே போயிடுவான்னாரு. அப்பா வழி பூரா அழுதாரு. நெஞ்சுல கோளாறுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்னாரு. வீட்டுக்கு வந்தா தெரு பூரா கூடி நிக்குது. பாலு கொட்டிச்சே, பொண்ணுக்கு என்னா, காக்கா வலிப்பான்னு கேக்கறாங்க. எனக்கு ஒண்ணும் தோணல. அம்மன் வந்துட்டான்னுட்டேன்."

வெளியே குடிதண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. சுப்பிரமணிதான் முதலில் வாய் திறந்தான்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே வேலூருக்குக் கூட்டினு போயிருப்பேனே மச்சான்" என்றான். "அப்பவும் அவளையே கட்டினு கூட்டினு போயிருப்பேன்."

காசி அவனைப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்து, அதற்குள் தெருவே கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டது, பிறகு எந்த வாயால் சொல்வது என்றான். பம்பையை மெதுவாக அடித்துப் பார்த்தானாம். ஜனங்கள் வேகமாக அடி என்று சத்தம் போடுவார்களாம். ஒவ்வொரு ஆடியும் அவள் எழுந்திருக்கிற வரைக்கும் அவனுக்கு உயிர் போய் வருமாம். போய்விட்டு வந்த உயிர் அவனுடையது இல்லை என்பதுகூட அவனுக்குப் புரியவில்லை.

பால்குடம், கற்பூரம், தாயே என்ற குரல்கள், தன் காலைத் தொட்டுக் கும்பிட்ட பெரியவர்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பொன்னியை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. நெஞ்சைப் பிடித்த அந்தக் கையை அவள் எவ்வளவு அன்பாக நினைத்திருந்தாள். அது ஒரு நசுங்கிய குழாய். சாகக் கிடந்தபோதெல்லாம் அவள் வரம் பெற்றதாக நினைத்து மகிழ்ந்திருக்கிறாள், கூடப் பிறந்தவன் பக்கத்தில் நின்று அதற்கு மேளம் அடித்திருக்கிறான். கடைசியில் ஒரே ஒரு விஷயம் மட்டும் மிச்சம் நின்றது.

"டீச்சர் ட்ரெயினிங்குக்குப் போக வேணாம்னு நான் சொன்னதா சொன்னியே. அது?"

காசி எழுந்திருக்கப் பார்த்தான்.

"நான் விழுந்து கெடக்கும்போது என் வாயில என்னாதாண்ணா வந்துச்சு?"

"நீ ஒண்ணும் பேசினதில்ல பொன்னி. ஒரு வருஷங்கூட ஒரு வார்த்தை பேசினதில்ல. மூச்சு இருக்குதான்னுதான் காது வெச்சுப் பார்ப்பேன். ஹாஸ்டல்ல எங்கனா விழுந்து கேக்க நாதியில்லாம செத்துட்டா இன்னா பண்றதுன்னு பயமா இருந்துச்சு. உன்ன கண்ணு முன்னாடியே வெச்சிக்கணும்னு நெனச்சேன்."

இதை அன்பு என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பொன்னிக்கு அந்த நேரத்தில் அது அன்பாகத் தெரியவில்லை. தன் வாய்க்குள் இன்னொருத்தன் இத்தனை வருஷம் குடியிருந்துவிட்டுப் போனதாகத்தான் தெரிந்தது.

"ஓவியா மெட்ராஸுக்குப் படிக்கப் போகட்டும்னு ஒரு ஆடியில அம்மன் சொன்னது?"

"அதுவும் நான்தான். உனக்குப் பண்ணத அதுக்கும் பண்ண மனசு வரல."

"அப்ப உனக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்குது" என்றாள் பொன்னி. "எனக்குப் பண்ணது தப்புன்னு உனக்கு அப்பவே தெரிஞ்சிருக்குது. அப்பவும் எங்கிட்ட சொல்லல."

அவள் எழுந்து உள்ளே போய் மஞ்சள் புடவையைக் களைந்துவிட்டு, வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிற பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அம்மன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வராதவள் மேல் எப்படிக் கோபப்படுவது? "ஆபரேஷன் பண்ணிக்கறேன், டாக்டருக்குப் போன் பண்ணு" என்று மகளிடம் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். காசி கூடத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை.

செய்தி தெருவுக்குப் பரவாமல் இருக்குமா? நம்பாதவர்கள்தான் ஜாஸ்தி. டாக்டர் சொல்லிக்கொடுத்துக் காசி சொல்கிறான் என்றார்கள். சிலர் வீட்டுக்கே வந்து, நீ எங்களுக்கு எப்போதும் அம்மன்தான் தாயே என்று கண்ணீர் விட்டார்கள். பொன்னி அவர்களுக்குக் காப்பி கொடுத்து, தன்னைப் பொன்னி என்றே கூப்பிடும்படி கேட்டுக்கொண்டாள். சொன்னால் யார் கேட்கிறார்கள்? போகும்போது காலைத் தொட்டுவிட்டுத்தான் போனார்கள். அதுதான் அவளை ரொம்பவும் வதைத்தது. ஒருத்தன் சொன்ன பொய்யை மறுத்துச் சொல்ல அவளுக்கென்று ஒரு வாய் அந்தத் தெருவில் இல்லாமல் போயிருந்தது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவானது. அதற்குள் காசி பலமுறை வீட்டுக்கு வந்தான். பொன்னி விரட்டவில்லை, பேசவும் இல்லை. தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் சாப்பிடாமல் போவான். ஆபரேஷன் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் பிடித்துச் சென்னைக்கும் வந்து சேர்ந்தான். தாடி வளர்ந்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, வராந்தாவில் நின்றான்.

பச்சை உடை போட்டுத் தலையை மூடி, தள்ளுவண்டியில் படுக்க வைத்துப் பொன்னியை வெளியே கொண்டுவந்தார்கள். மகள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். சுப்பிரமணி, "நான் இங்கயேதான் இருப்பேன், எங்கயும் போவ மாட்டேன்" என்றான். அவளும், "வெறும் வயித்தோட நிக்காத, டீயாவது குடி" என்றாள். பிறகு காசி வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிழைத்து வருவாளா மாட்டாளா என்கிற பயம் அவன் முகம் முழுக்க இருந்தது.

"பொன்னி, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா. ஒரே ஒரு வார்த்த. நீ உள்ள போயிட்டா நான் அப்பறம் யாருகிட்ட போய்க் கேப்பேன்?"

அவன் பேசப் பேசக் குனிந்துகொண்டே வந்தான். பழக்கம் விடவில்லை போலிருக்கிறது. அவன் காது அவள் வாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பொன்னி அவனை நேராகப் பார்த்தாள்.

"இத்தினி வருஷம் என் பேச்சயெல்லாம் நீதான பேசின. இதயும் நீயே சொல்லிக்க" என்றாள்.

நர்ஸ் வண்டியைத் தள்ளினாள்.